மிஞ்சும் நேரம் யாருடையது?

மனித உழைப்பைக் குறைக்கும் ஒவ்வொரு புதுமையும் ஒரு கேள்வியை உடன்கொண்டே பிறக்கின்றது. குறைந்த உழைப்பினால் மிஞ்சிய நேரம் யாருக்கு உரியது? நெசவாலையைக் குறித்தும் சுரங்கத்தைக் குறித்தும் முற்போக்காளர் இக்கேள்வியை நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்துள்ளனர். தன்னளவில் உழைப்பை இலகுவாக்க வல்ல இயந்திரம், முதலாளியின் கையில் வேலைநாளை நீட்டிக்கும் கருவியாக மாறுகின்றது என்பதை 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் விரிவாக நிறுவினார். ஆயின், அதே கேள்வியை அடுக்களை வாசலில் நின்று கேட்டவர் மிகச் சிலரே. அடுக்களை என்றதும் அறவியல் முடிந்து, ருசி தொடங்கிவிடுகின்றது என்று எண்ணிக்கொள்கின்றோம். இங்கு ஒரு சாதாரண இராவுணவை எடுத்துக்கொண்டு அக்கேள்வியை ஆராய முனைவோம்.

2013இல் அமெரிக்காவின் மார்த்தா ஸ்டூவர்ட் சஞ்சிகை ஒரு சமையற் குறிப்பை வெளியிட்டது. தென்னித்தாலியின் பூலியா மாநிலத்திற் கண்ட ஒரு முறையைத் தழுவியது அது. லிங்குயினி எனப்படும் தட்டையான இழைப் பாஸ்தா ஏறத்தாழ 340 கிராம், அதேயளவு சிறு தக்காளி, ஒரு வெண்காயம், நான்கு பல்லு உள்ளி, சிறிது மிளகாய்த் தூள், துளசி இனத்து இலை, ஒலிவ் எண்ணெய், உப்பு, நாலரைக் கோப்பை தண்ணீர் ஆகிய அனைத்தையும் பச்சையாகவே ஒரே பாத்திரத்தில் இட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதி வந்தபின் அடிக்கடி கிளறிக்கொண்டிருந்தால் ஒன்பது நிமிடங்களில் உணவு ஆயத்தம். வேலைநாள் மாலையிற் களைத்து வீடு திரும்புவோருக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது. உலகின் பல நாடுகளுக்கும் அம்முறை விரைந்து பரவியது.

இதன் இரகசியம் எளியது. வழமையான முறையிற் பாஸ்தாவை நிறைந்த உப்புநீரில் அவித்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டு, வேறொரு சட்டியில் ஆக்கிய குழம்புடன் சேர்ப்பர். பாஸ்தாவிலிருந்து நீரிற் கலந்த மாப்பொருள் வடித்த நீருடன் போய்விடும். தேர்ந்த இத்தாலியச் சமையற்காரர் அந்நீரில் ஓர் அகப்பையை எடுத்துவைத்துக் குழம்பை இறுக்குவர். புதிய முறையிலோ நீர் அளவாகவே இடப்படுவதால், மாப்பொருள் முழுவதும் பாத்திரத்திலேயே தங்குகின்றது. நீர் வற்ற வற்ற, அதுவே குழம்பாகித் திரள்கின்றது. வடிப்பதும் இல்லை, இரண்டாவது சட்டியும் இல்லை.

இதனைக் கண்டு முகஞ்சுளிப்போர் உண்டு. மரபைக் கெடுத்துவிட்டனர் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. மரபை நாமும் மதிப்பவர்களே. எனினும், மரபின் பெருமையைப் பேசும்போது அதனைச் சுமந்த தோள் யாருடையது என்பதையும் உடன் பேசுதல் வேண்டும். வட இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில், முட்டையும் மாவும் சேர்த்துப் பிசைந்து, நீண்ட உருளைக் கட்டையால் மெல்லிய தாளாகத் தேய்த்து எடுப்பவரை 'ஸ்போலீனா' என்பர். அது பெண்பாற் சொல். அக்கலையின் நுட்பத்தை வியக்கலாம். ஆனால் நாள்தோறும் அவ்வாறு தேய்ப்பதைக் குடும்பப் பெண்ணின் கடமையாக்கி, அக்கடமைக்குப் 'பண்பாடு' என்று பெயரிடுவது நேர்மையன்று. ஆகவே, உழைப்பைக் குறைக்கும் முறையை மரபின் பேராற் பழிப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

அவ்வாறாயின், எளிய சமையல் பெண்ணை விடுவித்துவிடும் என்று மகிழ்ந்திருக்கலாமா? அதற்கும் வரலாறு இடந்தரவில்லை. 1926இல் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஓர் அடுக்களையை வகுத்தார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து 1941இற் சிறைப்பட்ட பொதுவுடைமைவாதி அவர். ஒவ்வொரு அடியையும் ஒவ்வொரு கையசைவையும் அளந்து, ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமுங் கொண்ட அறைக்குள் எல்லாவற்றையும் கைக்கெட்டுமாறு அவர் அமைத்தார். அத்தகைய அடுக்களைகள் பத்தாயிரமளவில் எழுந்தன. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும், அவ்வறையில் இரண்டாமவர் நின்று வேலை செய்ய இடமில்லை. ஒருத்தியின் அடிகளைக் குறைத்த திட்டம், அவ்வேலையை ஒருத்திக்கே உரியதாகவும் ஆக்கிவிட்டது எனப் பிற்காலத்தார் குறைகூறினர்.

அமெரிக்க வரலாறும் இதனையே காட்டுகின்றது. வெளித்தொழில் புரியாத அமெரிக்க இல்லத்தரசியர் 1920களில் வாரத்துக்கு ஏறத்தாழ 52 மணிநேரம் வீட்டுவேலை செய்தனர் என்றும், 1960களில் அது 55 மணிநேரமாக இருந்ததென்றும் ஜோஆன் வானெக் 1974இற் கணக்கிட்டுக் காட்டினார். இடைப்பட்ட காலத்திற் சலவைப் பொறியும் குளிர்சாதனப் பெட்டியும் வந்தன, வேலை குறையவில்லை. துணியை அடிக்கடி துவைக்க வேண்டும், வீடு மேலுந் துப்புரவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்புகள் உயர்ந்தன. முன்னர் ஆடவரும் பிள்ளைகளும் செய்துவந்த சில வேலைகள், பொறி வந்தபின் தாய் ஒருத்தியின் தலையிலேயே வீழ்ந்தன என்பதை 1983இல் ரூத் ஷ்வார்ட்ஸ் கவன் தமது நூலில் விளக்கினார். தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு நேர்ந்ததே அடுக்களையிலும் நேர்ந்தது. மிஞ்சிய நேரத்தின்மீது உழைப்பவளுக்கு உரிமையில்லாதபோது, அந்நேரம் வேறொரு வேலையாக மாறி அவளிடமே திரும்பி வருகின்றது.

அன்பினாற் செய்யும் வேலைக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பர். அன்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் அன்பு செலுத்தவும் மற்றவர் அதனை உண்ணவுமென நிலையாக வகுத்துவைத்தது அன்பு அன்று, சமுதாயம். எட்டு மணிநேர வேலை, எட்டு மணிநேர உறக்கம், எட்டு மணிநேரம் தன் பொழுது எனத் தொழிலாளர் இயக்கம் நாளை மூன்றாகப் பகுத்துப் போராடியது. 1919இற் சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயமே கைத்தொழில் வேலையை நாளுக்கு எட்டு மணிநேரமாக வரையறுத்தது. அரும்பெரும் வெற்றி அது. எனினும், அக்கணக்கில் இராச் சமையல் எந்த எட்டில் அடங்குகின்றது? யாரோ ஒருத்தி அதனை முடித்துவைத்திருப்பாள் என்ற நம்பிக்கையின் மீதே மூன்றாவது எட்டு கட்டப்பட்டது. 1972இல் இத்தாலியின் பாதுவா நகரிற் கூடிய பெண்ணியர் சிலர் வீட்டுவேலைக்குக் கூலி கோரும் இயக்கத்தைத் தொடங்கியதும் இதனாலேயே. கூலிதான் தீர்வா என்பதிற் கருத்து வேறுபாடு இருக்கலாம். வீட்டுவேலையும் உழைப்பே என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை.

அப்படியாயின், ஒன்பது நிமிடப் பாஸ்தாவின் நன்மைதான் யாது? அதன் விரைவில் அன்று, அதன் எளிமையிலேயே நன்மை உண்டு என்பது நம் துணிபு. ஆடவர் அடுக்களையிலிருந்து விலகி நிற்பதற்குச் சொல்லும் காரணங்களுள் முதன்மையானது, 'எமக்குத் தெரியாது' என்பது. வெண்காயத்தை அரிந்து, நீரை அளந்து, கிளறத் தெரிந்த எவரும் இவ்வுணவை ஆக்கலாம். கைப்பக்குவம் என்ற மதில் இங்கு இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட மகனோ மகளோ, பெரியவர் ஒருவர் அருகிருக்கச் செய்துவிடலாம். ஆகவே, இக்குறிப்பு பெண்ணுக்கு அளிக்கும் சலுகையாக நின்றுவிடாமல், மற்றவர்களின் சாக்குப்போக்கை நீக்கும் கருவியாகவும் ஆகலாம்.

1975 ஒக்டோபர் 24ஆம் நாள் ஐஸ்லாந்தில் ஏறத்தாழ 90 வீதமான பெண்கள் தொழிலையும் வீட்டுவேலையையும் ஒருங்கே நிறுத்தினர். தந்தையர் பிள்ளைகளை வேலைத்தலத்துக்கு அழைத்துச் சென்றனர். ஆக்குவதற்கு எளிதென்று கருதிய சொசேஜ்களை வாங்கியதிற் கடைகளில் அவை தீர்ந்துபோயின என்று அந்நாளை நினைவுகூர்வோர் கூறுவர். எளிய உணவு ஒன்று கிடைத்தபோது ஆடவரும் சமைத்தனர் என்பது அதன் ஒரு பாடம். பெண்கள் ஒன்றுசேர்ந்து கைவிட்ட பின்னரே அவ்வாறு சமைத்தனர் என்பது மற்றொன்று. மறு ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் ஆண் பெண் சமத்துவச் சட்டத்தை நிறைவேற்றியது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. அடுக்களையிற் குறைந்த உழைப்பு உலகிலிருந்து மறைந்துவிடுவதில்லை. காய்ந்த பாஸ்தாவை ஆலையில் ஒருவர் ஆக்குகின்றார். தக்காளியை வயலில் ஒருவர் பறிக்கின்றார். இக்குறிப்புக்கு மூலமான அதே பூலியாவின் தக்காளி வயல்களில், ஆபிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த கூலிகளைத் தரகர் கொடுமையாகச் சுரண்டியமை உலகறிந்தது. அதனைக் கடுமையாகத் தண்டிக்கும் சட்டத்தை இத்தாலி 2016இல் இயற்றியது. நமது மாலைப்பொழுது இலகுவாவதற்கு மற்றொருவரின் பகற்பொழுது பறிக்கப்படுமாயின், அதனை விடுதலை என்றழைக்க இயலாது.

இவை அந்நிய நாட்டுச் செய்திகள் என ஒதுக்கற்பாலன அல்ல. வேலை முடித்து வரும் பெண்ணுக்கு அடுப்பங்கரையில் இரண்டாவது வேலைநாள் காத்திருப்பது எங்கும் உள்ளதே. மனைப்பொருளியல் பெண்பிள்ளைகளின் பாடம் என்ற எண்ணத்தை வகுப்பறையிலேயே களைய ஆசிரியர்களால் இயலும். சமத்துவத்தைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் முழங்கும் மாணவன், அன்றிரவு தான் உண்ட கோப்பையைக் கழுவினானா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

சமையலை எளிதாக்குவோம், அதில் இழுக்கில்லை. ஆனால் மிஞ்சும் நேரத்தையும் கழுவ வேண்டிய அந்த ஒரு பாத்திரத்தையும் வீட்டிலுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ளும் நாளிலேயே அவ்வெளிமை அறமாகும். அந்நாளை வீட்டுக்குள் தொடங்குவதற்கு நாம் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.