தலையாட்டியும் மின்கம்பமும்

2025 பெப்ரவரியில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் எரியூட்டும் மேடைக்கு அத்திவாரம் வெட்டியவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். சில மாதங்களுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் அவற்றில் இருந்தன. கூடவே ஒரு புத்தகப்பை, ஒரு பொம்மை, ஒரு பால்போத்தல். இந்தச் செம்மணிப் பகுதியில் முந்நூறு நானூறு பேர் புதைக்கப்பட்டிருப்பதாக, பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசாமி கொலைவழக்கில் தண்டனை பெற்ற படையினரில் ஒருவர் 1998இலேயே நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நாடு முழுமையாக விசாரிக்கவில்லை. இன்று நிலமே சாட்சி சொல்கிறது.

இதே வேளையில் இன்னொரு கேள்வியும் எழுந்திருக்கிறது. தமிழ் ஆயுத இயக்கங்கள் கொன்றவர்களின் கணக்கு என்ன? மின்கம்பங்களில் கட்டப்பட்டவர்களையும், இரவில் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களையும் பற்றி எப்போது கதைப்பது? "இப்போது வேண்டாம், செம்மணிக்கான நீதி பலவீனப்பட்டுவிடும்" என்கிறவர்கள் பலர். அந்த நிலைப்பாடு பிழையானது. விசாரணையில்லாமல் எடுக்கப்பட்ட உயிருக்கு, எடுத்தவர் யார் என்பதைப் பொறுத்து மதிப்புக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

அந்தக் கொலைகள் எப்படி நியாயமாக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். கெரில்லாப் போரில் ஆளும் ஆயுதமும் குறைந்தவன் பெரும்படையை நேர்நின்று எதிர்ப்பதில்லை. தாக்குகிறான், மறைகிறான். 1801இல் மருது சகோதரர்களுக்கு மறைய காளையார்கோவில் காடு இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை, பெருங்காடில்லை. பனையும் வேலியும் ஒழுங்கையும்தான். ஆகவே சனமே காடாக வேண்டியிருந்தது. மக்கள் தண்ணீர், போராளி மீன் என்ற மாவோவின் பாடம் இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று. அதன் விலையையும் சனமே கொடுத்தது. 1983 ஜூலை 23இல் திருநெல்வேலியில் பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டனர். தாக்கியவர்கள் மறைந்துவிட்டார்கள். மறைய இடமில்லாத ஊரவர்களை மறுநாள் இராணுவம் சுட்டது. 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையில் இந்தியப் படை மீதான தாக்குதலுக்குப் பிறகு நடந்ததும் இதேதான். ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் பலியானார்கள்.

சனத்துக்குள் ஒளிந்திருப்பவனின் உயிர் சனத்தின் வாயில் இருக்கிறது. ஒருவர் காட்டிக்கொடுத்தால் பத்துப் பேர் போவார்கள். அந்தப் பயம் கற்பனையல்ல. சுற்றிவளைப்புக்குள் அகப்பட்ட எவருக்கும் தலையாட்டியைத் தெரியும். ஊர் ஆண்களை வரிசையில் நடக்கவிடுவார்கள். முன்னால் ஜீப்பில், தலையில் சாக்குப்பையை மாட்டிக்கொண்டு ஒருவன் இருப்பான். சாக்கில் கண்களுக்கு இரண்டு ஓட்டை. அந்தத் தலை அசைந்தால் பிள்ளை பூசா தடுப்பு முகாமுக்குப் போவான், அல்லது திரும்பவே மாட்டான். சிறைச்சாலையும் நீதிமன்றமும் இல்லாத தலைமறைவு இயக்கம் இதை வேறெப்படித் தடுக்கும் என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு.

ஆனால் மின்கம்பத்தில் நடந்தது என்ன? விடிந்து பார்த்தால் கம்பத்தில் கட்டிய உடல், கழுத்தில் மட்டை, மட்டையில் ஒரு வரிக் குற்றம். குற்றம் சாட்டியவர் பெயர் இல்லை, செத்தவன் சொன்ன பதில் இல்லை. பெற்ற தாய் வாய்விட்டு அழவும் பயந்தாள். சாக்குக்குள் அசைந்த தலைக்கும் அந்த மட்டைக்கும் அறத்தில் எந்த வேறுபாடும் கிடையாது. முதலாவதை அநீதி என்று நெஞ்சில் அடித்துக்கொண்ட சமூகம், இரண்டாவதை எப்படித் தண்டனை என்று ஏற்றுக்கொண்டது?

'களையெடுப்பு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கொடியவரைக் கொலையால் ஒறுப்பதைப் பயிருக்குக் களை பிடுங்குவதோடு வள்ளுவர் ஒப்பிட்டது உண்மை. அந்தக் குறள் செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள். அதே அதிகாரத்தின் முதற்குறளோ, எவரிடத்தும் சாயாமல், குற்றத்தை ஆராய்ந்து, தேர்ந்து செய்வதுதான் முறை என்கிறது. முதலைப் படிக்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒற்றாடல் அதிகாரம் இன்னும் கண்டிப்பானது: ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால்தான் நம்பலாம். போர் நடத்தும் அரசனுக்குச் சொன்ன விதி இது.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த குற்றமும் இதுவே. பொற்கொல்லன் ஒருவனின் வாய்ச்சொல்லைக் கேட்டு, விசாரியாமல் கோவலனைக் கொல்லச் செய்தான். உண்மை தெரிந்ததும் அவன் உயிர் அரியணையில் தரிக்கவில்லை. புறநானூற்றின் 47ஆம் பாட்டுப் பிறந்த சூழல் நமக்கு இன்னும் நெருக்கமானது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை, ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் போனான். கோவூர்கிழார் குறுக்கே நின்று பாடி அவனைக் காப்பாற்றினார். போர்க்காலந்தான், ஐயமும் இயல்பானதுதான். ஆயினும் ஒரு புலவர் பேச இடமிருந்தது, அரசன் செவிகொடுத்தான்.

யாழ்ப்பாணத்தில் அப்படிக் குறுக்கே நின்றவர்களுக்கு என்ன நேர்ந்தது? பரியோவான் கல்லூரி அதிபர் ஆனந்தராஜன் 1985 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவத்தினருடன் கிரிக்கெட் ஆட்டம் நடத்த முன்வந்ததே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். அடுத்த ஆண்டு, தோளோடு தோள் நின்ற டெலோ இயக்கத்துப் பொடியள் சக இயக்கத்தவராலேயே தெருத்தெருவாக வேட்டையாடப்பட்டார்கள். 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21 அன்று மருத்துவபீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். காயப்பட்ட போராளிகளுக்கு ஒரு காலத்தில் மருந்து கட்டிய கை அவருடையது. கவிஞர் செல்வி 1991இல் கொண்டுசெல்லப்பட்டார். திரும்பவில்லை.

1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரை, முறையான நீதிமன்றத் தீர்ப்பில்லாமல் எவருக்கும் மரணதண்டனை நிறைவேற்றக்கூடாது என்று அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் ஒருசேர விதிக்கிறது. செம்மணிக்காக நாம் உலகின் முன் நீட்டும் சட்டம் அதுதான். நீட்டுகிற கை தன் பக்கத்து வரியை மறைத்துப் பிடித்தால் எதிரில் இருப்பவர் நம்பமாட்டார். நம்புகிறாரோ இல்லையோ, மறைப்பது அறமுமாகாது.

அன்று ஆயுதம் தூக்கிய பலர் இன்று வயதானவர்கள். எல்லா இயக்கங்களையும் சேர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். கூட்டிச் செல்லப்பட்ட இன்னாரை எந்தத் தோட்டத்தில், எந்தக் கிணற்றடியில் புதைத்தோம் என்பது அவர்களில் சிலருக்கு மட்டுமே தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். செம்மணி மண் அகழப்படும் இந்தக் காலத்திலேயே அன்று ஆயுதம் தூக்கியவர்கள் வாய் திறக்க வேண்டும். கடிதமாக எழுதட்டும், கோயில் ஐயரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லட்டும். முதலில் இடத்தைச் சொல்லட்டும்.