நலம், நலமறிய ஆவல்

1999 மே, ஜூன். கார்கிலில் சண்டை. எனக்குப் பத்து வயசு. அவிநாசிப் பக்கம் எங்கள் அருந்ததியர் வளவில், எங்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற வேலை என்னுடையது. சித்தப்பா ராணுவத்தில் லாரி டிரைவர். ஸ்ரீநகர் – லே ரோட்டில், மலை மேலிருந்து குண்டு விழுகிற அந்த ரோட்டில், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினாராம். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது 56 ஏ.பி.ஓ. என்கிற முகவரி மட்டும்தான்.

மணியார்டர் ஆத்தா பேருக்கு வந்துகொண்டிருந்தது. அதில்தான் தகராறு. "எழுது கண்ணு, உம்பட சித்தி பொறந்த ஊட்டுக்குப் போறேன்னு பெட்டி கட்டறா" என்பாள் ஆத்தா. அவள் அந்தப்பக்கம் போனதும் சித்தி வருவாள். "கொழந்தைக்குப் பால் வாங்கக் காசில்லீன்னு எழுது சாமி. பூராத்தையும் உங்க ஆத்தாளே வாங்கி வெச்சுக்கறாங்க." ஒரே இன்லேண்டு லெட்டரில் இரண்டு கட்சி. பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்தார். "சண்டைல இருக்கறவனுக்கு ஊட்டுச் சண்டைய எழுதாதீங்க. ஸ்டேரிங் புடிக்கற கை நடுங்கும்." எனக்கும் நியாயமாகப் பட்டது. 'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதி ஒட்டினேன். மூன்று கடிதம் அப்படிப் போயிற்று.

பதில் வந்தது. நம்ம ஊட்டில் சண்டையில்லாமல் ஒரு வாரம் போகாதே, எதை மறைக்கிறீங்க, யாருக்காவது ஏதாவது ஆகிப்போச்சா, வண்டி ஓட்டும்போதெல்லாம் இதே நெனப்பு என்று எழுதியிருந்தார்.

கை நடுங்கக் கூடாதென்று சொன்ன பொய்தான் கையை நடுங்க வைத்திருக்கிறது. நாட்டைக் காக்கிற அளவுக்குப் பெரிய மனுசன், தன் வீட்டில் நடப்பதைத் தெரிந்துகொள்கிற அளவுக்குப் பெரிய மனுசன் இல்லை என்று முடிவுகட்ட நாங்கள் யார்?

எம்.ஏ. வகுப்பில் நெடுநல்வாடை படித்தோம். பாசறையில் அரசன் தூங்காமல் புண்பட்டவர்களைப் பார்த்து நடக்கிறான். அரண்மனையில் தேவி கட்டிலில் வாடுகிறாள். அந்தப் புண்பட்டவன் வீட்டில் அன்று உலை வைத்தார்களா என்று புலவர் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் கேட்டான், தன் காரியத்துக்காக. முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். 1925இல் ஒரு சட்டம் வந்தது, இந்தியச் சிப்பாய்கள் வழக்காடல் சட்டம். போரில் இருப்பவன் வந்து வாதாட முடியாதபோது அவன் சம்பந்தப்பட்ட சிவில் வழக்கை நிறுத்திவைக்கலாம். நல்ல சட்டம்தான். வழக்கு நடத்த நிலம் இருக்கிறவனுக்கு.

ஜூலை 26இல் போர் முடிந்தது. நம் தரப்பில் 527 பேர் செத்ததாக அரசுக் கணக்கு. சித்தப்பா உயிரோடு வந்தார். அன்றைக்குத்தான் ஆத்தா வாயைத் திறந்தாள். அவர் கல்யாணத்துக்குத் தோட்டத்துக்காரரிடம் கடன் வாங்கியிருக்கிறாள். மணியார்டரில் பாதி வட்டிக்கே போயிருக்கிறது. ராணுவக்காரன் அம்மா இன்னும் தோட்டத்தில் களை வெட்டிக் கடன் கழிக்கிறாள் என்று மருமகளிடம் சொல்ல வெட்கம். சித்தி அதை மாமியார் கொடுமை என்று நினைத்தாள். எங்க வளவுப் பொம்பளைகள் சண்டை போட்டால் ஊரே வேடிக்கை பார்த்துச் சிரிக்கும். தோட்டத்துக் கணக்கு நோட்டை யாரும் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. உண்மையை எழுதி, அடுத்த நாளே அவர் வண்டியில் குண்டு விழுந்திருந்தால்? கடைசியாக அவர் படித்தது பாலுக்குக் காசில்லை என்பதாக இருந்திருக்கும். நான் எழுதியபடியே நடந்திருந்தால், கடைசியாகப் படித்தது என் பொய்.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். "அம்மா சொன்னதையும் எழுதியிருக்கோணும், உங்க சித்தி சொன்னதையும் எழுதியிருக்கோணும். கடன் எவ்வளவுன்னும் எழுதியிருக்கோணும்."

"கடன் எனக்குத் தெரியாதுங் சித்தப்பா."

ஆத்தா அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.