அடுத்த வாக்கியம் யாருக்கு?

மலேசியாவின் செமினியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் குரு. அதே ஊரில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்தில் உளவியல் படிப்பவன் சீடன்.

சீடன்: ஐயா, ஒத்துணர்வைப் பாடமாகப் படிக்கிறேன். "பிறர் துன்பம் உன்னை எவ்வளவு பாதிக்கிறது?" என்று கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லும் தாள்கள் இருக்கின்றன. அந்தத் தாளில் துன்பப்படுகிற ஆளே இல்லை.

குரு: ஆளில்லாத இடத்தில் என்ன ஒத்துணர்வு, தம்பி? உன் நெஞ்சுக்குள் இருப்பது எதிரே இருப்பவருக்குத் தெரியாது. அவர் சொல்லி முடித்ததும் நீ வாய்திறந்து சொல்வதுதான் அவருக்குக் கிடைப்பது.

சீடன்: பேச்சை ஆராய்ந்தவர்களும் அங்கேதான் தொடங்கினார்கள். ஹார்வி சாக்ஸ் 1963-64இல் லாஸ் ஏஞ்சலஸ் தற்கொலைத் தடுப்பு மையத்தின் தொலைபேசி ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். பிறகு கேல் ஜெஃபர்சனும் ஜான் லீயும் 1981இல் ஒன்று காட்டினார்கள்: கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு நடுவே அறிவுரை கொடுத்தால், அது நல்லதாகவே இருந்தாலும் தள்ளிவிடுகிறார்.

குரு: தள்ளாமல் என்ன செய்வார்? "பக்கத்துத் தாமானில் ஒரு டாக்டர் இருக்கிறார், போய்ப் பார்" என்றதும் அவர் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள் 1970 முதல் முகம் தெரியாதவர்களின் துயரத்தைத் தொலைபேசியில் கேட்டுவருகிறார்கள். தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதுதான் அவர்கள் வேலை.

சீடன்: "எனக்கும் இப்படித்தான் நடந்தது" என்று சொல்லலாமா?

குரு: ஒரு வாக்கியத்தோடு நிறுத்தினால் அது துணை. வளர்த்துக்கொண்டே போனால் அவர் உனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

சீடன்: ஜான் ஹெரிட்டேஜ் 2011இல் எழுதிய கட்டுரையில், பிறர் அனுபவத்தைக் கேட்பவர்கள் எப்படியெல்லாம் பதில் தருகிறார்கள் என்று வகைப்படுத்துகிறார். எங்கே, எப்போது என்று விவரம் கேட்பது உணர்ச்சியைத் தொடாமல் விலகும் வழி. "ஐயோ!" என்ற ஒரு குரல் அதைவிட நெருக்கம்.

குரு: அங்கே எனக்கு உடன்பாடில்லை. நம் சாவு வீட்டை நினைத்துப் பார். அன்றைய தோட்டத்து லயமானாலும் இன்றைய தாமான் வீடானாலும், துக்கம் விசாரிக்க வருபவர் கேட்பது "எப்படி ஆச்சு?" என்பதைத்தான். கணவரை இழந்த அம்மா முதலிலிருந்து சொல்வார். காலையில் கோப்பி கேட்டார், சட்டையை மாட்டினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவே ஒருத்தி, "ராத்திரி சாப்பிட்டாரா?" என்பாள். "ரெண்டு தோசை சாப்பிட்டாரே!" என்று அப்போதுதான் உடைந்து அழுவார். அடுத்தவர் வந்ததும் மறுபடி அதே கோப்பி, அதே சட்டை. சொல்லச் சொல்லத்தான் நடந்தது நடந்துவிட்டது என்று அவருக்கே பிடிபடும். அந்த அழுகைக்கு வழிவிட்டது ஒரு விவரக் கேள்விதானே?

சீடன்: அதே வீட்டில், "ஏன் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல?" என்றும் கேட்கிறார்களே, ஐயா. அதுவும் விவரக் கேள்விதான்.

குரு: அது குற்ற விசாரணை. அதற்குப் பதில் சொல்ல அந்த அம்மா தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். சாப்பிட்டாரா என்று கேட்டவளிடம் கணவரைப் பற்றிப் பேசினால் போதும். அந்த ஒரு நாளில் அவருக்கு வேறு எதைப் பற்றிப் பேசப் பிடிக்கும்?

சீடன்: அப்படியானால் கேள்வியை மட்டும் பார்த்து வகை பிரிக்க முடியாது. அதற்கு வந்த பதிலையும் பார்க்க வேண்டும்.

குரு: பதில் நீள்கிறதா, சுருங்குகிறதா என்று பார்.

சீடன்: சுருங்கினால் நான் கேட்டது தப்பு என்று ஆகுமா? சொல்லிச் சொல்லிக் களைத்தும் போயிருக்கலாமே.

குரு: சரியாகப் பிடித்தாய். ஒரு பதிலை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மறுபடி போ. அப்போது உன்னிடம் என்ன பேசுகிறார் என்று கேள். உங்கள் ஆய்வில் அதற்கு இடம் உண்டா?

சீடன்: பெரும்பாலும் ஓர் உரையாடலின் பதிவோடு நின்றுவிடுவோம். ஆனால் சாவு வீட்டில் எப்படி ஒலிப்பதிவு செய்வது?

குரு: சாவு வீட்டில் வேண்டாம். அங்கே போய் உட்கார்ந்து கேள், அது போதும். பதினாறு கழிந்து போகும்போது, அவர் சம்மதித்தால் பதிவு செய். சம்மதிக்காவிட்டாலும் போய்ப் பேசிவிட்டு வா.