குரோன் நோயாளியின் கணக்கு நோட்டு

1956 ஜூன் 9 அதிகாலையில், அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். இடம் வாஷிங்டனிலுள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை. சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கிச் சுருங்கி அடைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தைத் தவிர்த்துக் குடலுக்கு மாற்றுவழி போட்டுத் தைத்தார்கள். பல்லாண்டுகளாக அவ்வப்போது வயிற்றுவலியில் துடித்தவர் அவர். அமெரிக்க அதிபருக்குக் கிடைக்காத டாக்டர்களா? இருந்தும், அது குரோன் நோய் என்று தெரிந்தது அறுவைக்குச் சில வாரங்கள் முன்புதான். அந்த நவம்பரிலேயே அவர் மறுபடியும் தேர்தலில் ஜெயித்தார்.

நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவர், 14 நோயாளிகளை வைத்து 1932இல் எழுதிய கட்டுரைதான் இந்த நோய்க்கு முகவரி கொடுத்தது. ஆங்கில அகர வரிசையில் முதலில் வந்ததால் குரோனின் பெயர் நிலைத்துவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய் இது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். அடியோடு தீர்க்க மருந்தில்லை. அடக்கிவைக்க நல்ல மருந்துகள் உண்டு.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல், குடல் காசநோய். அதே இடம், அதே புண், அதே காய்ச்சல், அதே எடை இழப்பு. எண்டோஸ்கோபி பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தாலும் பல சமயம் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் முதலில் காசநோய் மருந்து கொடுத்து, புண் ஆறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இங்கே உண்டு. பிற்பாடு குரோனுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி போட நேர்ந்தால், உடம்பில் பதுங்கியிருக்கும் காசநோய் தலைதூக்கலாம். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஃபைலில் அடுக்கி வைத்திருக்கும் நோயாளி, புது டாக்டருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறார்.

தன் உடம்புக்குத் தானே பொறுப்பேற்பது என்றதும் மன உறுதி, தன்னம்பிக்கை என்று பேசக் கிளம்பிவிடுகிறார்கள். குரோன் நோயில் அதைவிட உதவுவது கணக்கு வைக்கும் பழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறோம். “எப்படி இருக்கீங்க?” “பரவாயில்லை டாக்டர்.” வெளியே டோக்கனோடு ஒரு கூட்டம். மலம் போவதைப் பற்றிக் கூடவந்த மாமியார் எதிரே பேசக் கூச்சம். எழுந்து வந்துவிடுகிறோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இப்படி எழுதியிருந்தால்? “செவ்வாய்: ஆறு முறை. ராத்திரி தூக்கத்தில் எழுந்து இரண்டு முறை. ரத்தம் இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றில் வலி. எடை 46.” தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கும் குறைந்துகொண்டே போகும் எடையும் டாக்டரை நிமிர்ந்து உட்கார வைக்கும். கூச்சப்படுகிறவர்கள் நோட்டை அப்படியே நீட்டிவிடலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வைத்தியர்கள்தான். வயிற்றுக்கு நல்லது என்று வாழைத்தண்டுப் பொரியலை இலையில் வைத்துவிட்டு நிற்பார்கள். குடல் சுருங்கியிருப்பவருக்கு அந்த நாரே அடைப்பாகலாம். முருங்கைக்காய்ச் சக்கையும் கொய்யா விதையும் அப்படியே. எல்லா குரோன் நோயாளிக்கும் பொருந்தும் ஒரே பத்தியம் கிடையாது. ஒருவருக்குப் பால் ஆகாது, இன்னொருவருக்குப் பால் ஒன்றும் செய்யாது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் அந்த நோட்டுதான் சொல்ல வேண்டும்.

மருந்துக்கடை கவுன்டரில் இன்னும் கவனம் வேண்டும். மூட்டுவலி என்று கேட்டதும் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ கிழித்துக் கொடுப்பார்கள். ஆறியிருக்கும் குடலை மறுபடி கிளப்பிவிடக்கூடிய மாத்திரைகள் இவை. ஸ்டீராய்டைச் சொந்த முடிவில் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. அசதயோபிரின் மாத்திரை சாப்பிடுகிறவர் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. உடம்பு தேறியதும் ‘இனி எதற்கு மாத்திரை’ என்று நிறுத்துவதுதான் நான் அறிந்தவரை பலரும் வழுக்கி விழும் இடம். சிகரெட் பிடிப்பவருக்கு அதை விடுவதைவிடப் பெரிய சுயவைத்தியம் கிடையாது. குரோன் நோயைப் புகை நிச்சயமாக மோசமாக்குகிறது.

அமெரிக்க நீச்சல் வீராங்கனை காத்லீன் பேக்கருக்குப் பள்ளி வயதிலேயே இந்த நோய் வந்தது. மற்றவர்கள் நீந்தும் அளவுக்கு அவர் உடம்பு தாங்கவில்லை. பயிற்சியை உடம்புக்கேற்பக் குறைத்து அமைத்துக்கொண்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் வெள்ளி, தொடர் நீச்சலில் தங்கம். 2018இல் அதே 100 மீட்டரை 58.00 வினாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். எல்லோரும் பதக்கம் வாங்க முடியாதுதான். நான் இங்கே பார்ப்பது அந்தக் குறைத்த பயிற்சியைத்தான். குறைத்துக்கொள்ளவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

ஆனால் எத்தனை பொறுப்பாக இருந்தாலும் நோயாளியின் கையில் இல்லாத ஒன்று உண்டு: அவசரத்துக்கு ஒரு கழிப்பறை. நம் ஊரில் பஸ் பயணம் என்றால் முதல் நாளே சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே நீர்ச்சத்தை இழக்கும் உடம்புக்கு அது இன்னொரு அடி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆலி என்ற 14 வயதுச் சிறுமிக்குக் கடையில் இருக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட மறுத்துவிட்டார்கள். அவளுக்குக் குரோன் நோய். தாயும் மகளும் சும்மா விடவில்லை. சட்டமன்ற உறுப்பினரிடம் போனார்கள். இத்தகைய நோயாளிகள் கேட்டால் கடைகள் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று 2005இல் அங்கே சட்டம் வந்தது. வேறு பல மாநிலங்களும் பின்பற்றின. ஆலி சட்டம் என்றே அதற்குப் பெயர்.

கடை வைத்திருப்பவர்களும் பஸ் கண்டக்டர்களும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பார்க்க நல்ல ஆரோக்கியமாகத் தெரியும் ஒருவர் தயங்கித் தயங்கிக் கழிப்பறை கேட்டால், காரணம் கேட்காமல் சாவியைக் கொடுங்கள். வழியில் இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள்.