சரக்கோடு போக வேண்டிய சொல்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, சரக்கின் நிலையை விளக்கிக் கொண்டால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிந்து போகும் என்றும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். ஹக்கீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இது. உண்மை பேசுவது ஒரு கடமை, விளக்கிச் சொல்வது இன்னொரு கடமை. நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள். நான் பொய் சொல்லவில்லையே என்பதோடு வியாபாரியின் பொறுப்பு தீர்ந்துவிடுமா? தீராது.

இந்த ஹதீஸை நம் கடை அலமாரிக்கு எதிரே நின்று ஓதிப் பாருங்கள். மலாக்கா நகரிலும், அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் பக்கங்களிலும் நம்மவர் கடைகளுக்கு வீட்டுப் பண்டங்கள் விற்பனைக்கு வருகின்றன. முறுக்கு, ஊறுகாய், சம்பல், மசாலாத்தூள் என்று தோட்டத்துத் தாய்மார்களும் விதவைகளும் பாடுபட்டுச் செய்து கொண்டு வருகிறார்கள். கைப்பாடுபட்டு உண்பது சிறந்த சம்பாத்தியம், அதற்கு இடம் கொடுப்பது நமக்கு நன்மை. ஆனால் எத்தனையோ பொட்டலங்கள் ரப்பர் வளையம் மாட்டியபடி, ஒரு எழுத்தும் இல்லாமல் நிற்கின்றன. செய்தவர் தம் அடுப்படியில் இருக்கிறார். வாங்கியவர் வேறு ஊரில் அதை அவிழ்க்கிறார். அங்கே விளக்கிச் சொல்ல யார் இருக்கிறார்?

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். ஒரு சமயம் தம் கூட்டாளியிடம் சரக்கை அனுப்பி, இன்ன துணியில் பழுது இருக்கிறது, வாங்குபவரிடம் சொல்லி விற்க வேண்டும் என்று எச்சரித்தார்கள். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்குக்கு வந்த பணம் முழுவதையும் ஸதக்கா செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. இமாமின் நாணயத்தில் குறை இல்லை. ஆனால் அவர்கள் சொன்ன சொல் கூட்டாளியின் காதோடு நின்றுவிட்டது, துணியோடு போகவில்லை. பொட்டலத்தின் மேல் ஒட்டும் லேபிள் என்பது சரக்கோடு போகும் சொல்லேயன்றி வேறில்லை.

நம் நாட்டின் 1983-ம் ஆண்டு உணவுச் சட்டமும், 1985-ம் ஆண்டு உணவு விதிமுறைகளும் கேட்பது இதைத்தான். பண்டத்தின் பெயர், சேர்ந்த பொருள்கள் (எடையில் மிகுந்தது முதலில்), நிகர எடை, தயாரித்தவர் அல்லது பொட்டலம் கட்டியவரின் பெயரும் முகவரியும் மலாய் மொழியில் இருக்க வேண்டும். பக்கத்தில் தமிழிலும் எழுதிக் கொள்ளலாம். தேதி கட்டாயமான உணவுகளுக்குக் காலாவதித் தேதியும் வேண்டும். கோதுமை, நிலக்கடலை, சோயா, மீன், பால், முட்டை போன்றவை சேர்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சிலருக்கு ஒரு கடலைத் துணுக்கே மூச்சை அடைத்து உயிரைப் பறித்துவிடும். சம்பலுக்குள் அரைத்த நெத்திலியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். வாங்குபவர் கேட்ட அளவில் அங்கேயே கட்டிக் கொடுக்கும் சமைத்த சோற்றுக்கு இந்த லேபிளைச் சட்டம் கேட்பதில்லை. ஏன்? கேட்டால் பதில் சொல்ல விற்பவர் எதிரே நிற்கிறார். வாய் இல்லாத இடத்தில்தான் எழுத்து வேண்டியிருக்கிறது.

பன்றி இறைச்சி கலந்திருந்தால் சொல்ல வேண்டும் என்ற அதே விதி, மாட்டிறைச்சி கலந்திருந்தாலும் சொல்ல வேண்டும் என்கிறது. முன்னது நமக்குக் காவல், பின்னது நம் ஹிந்து சகோதரருக்குக் காவல். 1748-ல் இந்திய முஸ்லிம் வியாபாரிகள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் நிற்கும் தெருவிலேயே ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும் நிற்கிறது. இந்தத் தெருவில் வாழ்ந்த நம் முன்னோர் எல்லா மதத்தாருக்கும் விற்றுப் பிழைத்தவர்கள். பிறர் நம்மை நம்பி வாங்குவது அமானிதம் அல்லவா?

"நாம் முஸ்லிம், நம் அடுப்பில் ஹராம் ஏறாது, ஹலால் என்று நாமே எழுதிக் கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். உங்கள் ஈமானை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் 2011-ம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஆணைப்படி, ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றும் முத்திரையும் பெறாமல் அப்படிப் போடுவது குற்றம். தனி நபருக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். எவரும் தாமே முத்திரை போடலாம் என்றால், வஞ்சகனும் போடுவான். சான்று இல்லையா? சேர்ந்த பொருள்களை ஒளிக்காமல் எழுதுங்கள், அதுவே போதிய சாட்சி.

"எழுதப் படிக்கத் தெரியாத ஏழைத் தாய்க்கு இவ்வளவு தொல்லையா?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காக அவர் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், வெறுமையாக அலமாரியில் ஏற்றவும் செய்யாதீர்கள். கல்லாவில் இருக்கும் நாம் எதற்கு இருக்கிறோம்? அவரை உட்கார வைத்து, என்னென்ன போட்டீர்கள், எந்த எண்ணெய், என்றைக்குச் செய்தது என்று கேட்டு, நம் பிள்ளைகளைக் கொண்டு மலாயில் எழுதி, அச்சடித்துக் கொடுப்போம். தராசில் வைத்து எடையைச் சரிபார்ப்போம். அளவில் மோசம் செய்பவர்களுக்குத் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே எச்சரிக்கையாக இறங்கியிருப்பதை மறந்துவிட வேண்டாம்.

அந்தத் தாயின் பிழைப்பும் நிலைக்கும், வாங்கும் பிள்ளையின் உயிரும் தப்பும், நம் கடையின் பெயரும் கெடாது. நாளை மஹ்ஷரில் நாம் விற்ற ஒவ்வொன்றைப் பற்றியும் கேள்வி உண்டு. அன்று நமக்காகப் பேசும் எழுத்தை இன்றே எழுதி வைப்போம்.

எல்லாம் வல்ல அல்லாஹுத் தஆலா நம் நாவையும் தராசையும் நேர்மையில் நிலைநிறுத்தி, நம் வியாபாரத்தில் பரக்கத் செய்தருள்வானாக! ஆமீன்.