சத்திரக்காரனின் செலவு

நல்ல சமாரியனின் உவமையில் நாம் பெரும்பாலும் கவனியாது விட்டுவிடும் ஒருவன் உண்டு. அவன்தான் சத்திரக்காரன். விலகிப்போன குருவையும் லேவியனையும் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். சத்திரக்காரனைப் பற்றி ஒரு மறையுரை கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆயினும் நற்செய்தியாளர் லூக்கா அவனுடைய கணக்கை மறக்கவில்லை. சமாரியன் அவன் கையில் இரண்டு தெனாரியத்தைக் கொடுக்கிறான். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்துச் செல்கிறான். "நீயும் இரக்கமுள்ளவன்தானே, இவனைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு அவன் தன் வழியே போயிருக்கலாம். ஊரும் அவனைப் போற்றியிருக்கும். ஆனால் தான் மேற்கொண்ட நற்செயலின் செலவை இன்னொருவன் தலையில் சுமத்த அவன் மனம் ஒப்பவில்லை.

இச்சிறு செய்தியில் அடங்கியுள்ள நீதி, நாடுகளுக்கிடையே எப்படி நடத்தப்படுகிறது என்று பார்ப்போம்.

ஒரு நாடு அநீதி இழைக்கும்போது அதனோடு யாரும் வாணிகம் செய்யலாகாது என உலக நாடுகள் கூடி முடிவெடுப்பதைப் பொருளாதாரத் தடை என்கிறோம். போரைவிட இது மேலான வழி என்பதே பொதுவான எண்ணம். தடைக்குள்ளான நாட்டின் ஏழைகள் படும் பாட்டைக் குறித்துத் திருச்சபை பலமுறை குரல் எழுப்பியிருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1998 சனவரியில் கியூபா நாட்டிற்குச் சென்றபோது, வெளியிலிருந்து சுமத்தப்படும் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் அநீதியானவை, அறநெறிக்கு ஒவ்வாதவை என்று வெளிப்படையாகவே கூறினார். ஆனால் தடைசெய்யப்பட்ட நாட்டின் அண்டை அயலாரைப் பற்றி, குற்றமும் செய்யாமல் தண்டனையும் விதிக்காமல் இடையில் அகப்பட்டுக்கொண்ட சத்திரக்காரர்களைப் பற்றி, நாம் அதிகம் சிந்தித்ததில்லை. நம் நாடே ஒருமுறை அந்நிலையில் இருந்தது என்பதும் பலருக்கு மறந்துவிட்டது.

1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 6இல், ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 661ஆம் தீர்மானத்தின் வழியாக ஈராக்கின்மீது முழுமையான வாணிகத் தடையை விதித்தது. ஆண்டவர் உருமாறிய திருவிழா நாள் அது. இரோசிமாவில் அணுகுண்டு விழுந்த நாளும் அதுவே. ஈராக் செய்தது ஆக்கிரமிப்பு என்பதில் ஐயமில்லை. அதைத் தடுக்க உலகம் முனைந்ததும் முறையே. ஆனால் ஈராக்கும் குவைத்தும் நமக்கு எண்ணெய் தந்த நாடுகள். எண்ணெய் விலை ஏறியது. குவைத்தில் உழைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 1,70,000 இந்தியருள் 1,11,000க்கும் மேற்பட்டோரை ஏர் இந்தியா விமானங்கள் 59 நாள்களில் 488 முறை பறந்து, யோர்தானின் அம்மான் நகர் வழியாக நாட்டிற்குக் கொண்டுவந்து சேர்த்தன. அவர்கள் மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பிய பணம் நின்றது. 1991 சனவரியில் இந்தியா பன்னாட்டு நிதியத்திடம் ஏறக்குறைய 180 கோடி டாலர் கடன் வாங்கியது. மே மாதத்தில் 20 டன் தங்கம், மீட்டுக்கொள்ளும் உரிமையோடு, சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்கு விற்கப்பட்டது. சூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கம் அடகுக்குப் போனது. அந்த நெருக்கடிக்கு வளைகுடா நிகழ்ச்சி ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டுக்கணக்கில் வரவை மீறிச் செலவிட்ட நம் அரசுகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆனாலும் தள்ளாடிக்கொண்டிருந்தவன் தோளில் மற்றொரு மூட்டை ஏற்றப்பட்டது என்பது உண்மை.

ஐ.நா. சாசனத்தின் 50ஆவது பிரிவு இத்தகையோரை எண்ணியே எழுதப்பட்டது. பாதுகாப்பு அவை ஒரு நாட்டின்மீது நடவடிக்கை எடுக்கும்போது, அதனால் தனிப்பட்ட பொருளாதாரச் சிக்கலுக்கு உள்ளாகும் எந்த நாடும், தீர்வு குறித்து அவையோடு கலந்து பேச உரிமை உடையது என்பது அதன் கருத்து. வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும்: அங்கே தரப்பட்டிருப்பது கலந்து பேசும் உரிமை மட்டுமே. எதையும் பெறும் உரிமை அங்கே சொல்லப்படவில்லை. இதற்கு முன்னிருந்த சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கையோ, தடையால் நேரும் இழப்பைக் குறைக்க உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று துணை நிற்க வேண்டும் என்று 16ஆவது பிரிவில் கடமையாகவே விதித்திருந்தது. 1919இல் எழுதிய சொல் 1945இல் மெலிந்துவிட்டது.

வளைகுடா நெருக்கடியின்போது 21 நாடுகள் 50ஆவது பிரிவைக் காட்டிக் கதவைத் தட்டின. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், யோர்தான், ஏமன் ஆகியவை அவற்றுட்சில. பாதுகாப்பு அவையின் குழு விண்ணப்பங்களை ஆராய்ந்தது. இவர்களுக்கு உதவுங்கள் என்று உலக நாடுகளையும் நிதி நிறுவனங்களையும் வேண்டிக்கொண்டது. வேண்டுகோளுக்குப் பின்னால் தனி நிதி எதுவும் இருக்கவில்லை. ரொடீசியாமீது விதித்த தடைக்காகத் தன் எல்லையை 1976இல் மூடி இழப்பைத் தாங்கிய மொசாம்பிக்கிற்கும், 1992 முதல் யூகோசுலாவியாமீது விதித்த தடையால் தானூபு ஆற்றுப் போக்குவரத்தை இழந்து தவித்த பல்கேரியா, உருமேனியா போன்ற நாடுகளுக்கும் இதே வகையான வேண்டுகோள்கள்தாம் எழுதப்பட்டன.

பணம் எங்குமே செல்லவில்லை என்று சொல்வதற்கில்லை. எகிப்து ஈராக்கிற்கு எதிரான அணியில் நின்றது. அமெரிக்கா அதன் இராணுவக் கடனில் ஏறத்தாழ 700 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. 1991 மே மாதத்தில் மற்றக் கடன்கார நாடுகளும் சேர்ந்து, சுமார் 2,000 கோடி டாலர் கடனில் பாதியைக் குறைக்க இசைந்தன. ஏமனின் கதை வேறு. அன்று பாதுகாப்பு அவையில் உறுப்பினராயிருந்த அந்த ஏழை நாடு, போருக்கு இசைவு தந்த 678ஆம் தீர்மானத்தை 1990 நவம்பர் 29இல் எதிர்த்து வாக்களித்தது. அதற்குக் கிடைத்துவந்த ஏறத்தாழ 7 கோடி டாலர் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. சவூதி அரேபியாவில் உழைத்த அதன் மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேற நேர்ந்தது. ஏமனும் எகிப்தும் ஒரே புயலில் சிக்கியவை. எவன் எவ்வளவு இழந்தான் என்ற கேள்விக்கு முன்னே, எவன் யார் பக்கம் நின்றான் என்ற கேள்வி வந்துவிட்டது. அப்படிக் கொடுப்பதற்கு உதவி என்ற பெயர் பொருந்துமா? என் எண்ணத்தில் அது கூலி.

இன்னொரு செய்தியும் உண்டு. ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து இழப்பீடு வழங்க 1991இல் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் நிறுவப்பட்டது. 2022 சனவரியில் அதன் கடைசித் தவணை தீர்ந்தபோது, மொத்தம் 5,240 கோடி டாலர் வழங்கப்பட்டிருந்தது. குவைத்தைவிட்டு ஓடிவர நேர்ந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் 2,500 டாலரேனும் உண்டு என்று விதி செய்தார்கள். பாராட்டுக்குரிய செயல். ஆனால் வாணிகத் தடையால் மட்டுமே வந்த இழப்புக்கு அங்கே இழப்பீடு இல்லை என்றும் விதி செய்தார்கள். குற்றத்தால் அடிபட்டவனுக்குக் குற்றவாளி கொடுக்க வேண்டும், இது தெளிவு. தண்டனையால் அடிபட்டவனுக்கு யார் கொடுப்பது என்ற இடத்தில் ஏடு வெற்றாகவே இருக்கிறது.

குருமடத்தில் அறநெறி இயல் பயின்றவர்கள் இங்கே இரட்டை விளைவுக் கோட்பாட்டை நினைவுகூர்வார்கள். ஒரு நற்செயலால், நாம் விரும்பாத ஒரு தீமையும் உடன் விளையுமானால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அச்செயலைச் செய்யலாம். புனித அக்குவினா தோமாவின் சிந்தனையில் வேர்கொண்ட கோட்பாடு இது. பொருளாதாரத் தடையை இதைக்கொண்டு நியாயப்படுத்துவதும் உண்டு. ஆனால் இக்கோட்பாடு ஒரு செயலைச் செய்யலாமா என்ற கேள்விக்குத்தான் விடை தருகிறது. செய்து முடித்த பின்னர், விரும்பாமல் விளைந்த தீமைக்கு நமக்குப் பொறுப்பே இல்லை என்று அது எங்கும் சொல்லவில்லை.

நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நொய்யலாற்றைச் சாயக்கழிவு கெடுத்ததை முன்னிட்டு, 2011 சனவரி 28இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து உழவர்களின் நிலத்தைப் பார்த்த எவரும் அந்த ஆணையைக் குறை சொல்லமாட்டார்கள். பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. பட்டறையில் துணி அலசி வாரக்கூலி வாங்கியவனுக்கு அந்தக் கணக்கில் இடமிருக்கவில்லை. ஆற்றைக் கெடுத்த முடிவும் அவனுடையதன்று, பட்டறையை மூடிய முடிவும் அவனுடையதன்று.

ஆகவே, இத்தகையோருக்குக் கொடுப்பது பிச்சையா, கடனா என்பதே அடிப்படைக் கேள்வி. பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையார் ஓர் ஏழை வீட்டுக்கு அரிசி கொடுப்பது அன்புச் செயல். அவ்வீட்டின் வறுமைக்குக் காரணம் அவர்களல்லர். ஆனால் என் வேலிக்காக வெட்டிய மரம் அடுத்தவன் கூரைமேல் விழுந்தால், கூரையை வேய்ந்து கொடுப்பதை நான் தருமக் கணக்கில் எழுத முடியாது. மரத்தை வெட்ட எனக்கு முழு உரிமை இருந்திருக்கலாம். ஓடு உடைந்தது உடைந்ததுதான். புனித சின்னப்பர் எருசலேம் திருச்சபைக்காகக் கொரிந்து நகரில் காணிக்கை கேட்டபோதும், ஒருவர் இளைப்பாற மற்றவர் வருந்த வேண்டும் என்பது தம் நோக்கமன்று, சமநிலையே நோக்கம் என்று விளக்கினார். உலக நலனுக்காக விதிக்கும் தடை என்றால், அதன் சுமையையும் உலகமே பகிர்ந்துகொள்ளவேண்டும். இரண்டாம் அருள் சின்னப்பர் 1987இல் எழுதிய சமூகச் சுற்றுமடலில், தோழமை என்பதை வெறும் மன இளக்கமாகக் கொள்ளாமல் பொதுநலனுக்கான உறுதியாகக் கொள்ளும்படி கற்பித்தது இங்கே பொருந்தும்.

இதற்கு மறுப்புரை உண்டு. அண்டை நாடுகளுக்கெல்லாம் ஈடு கொடுக்கவேண்டுமானால், தடை விதிக்க யார் முன்வருவார்? கொடியவர்களைத் தடுக்கப் போரைத் தவிர வேறு வழியே இராதே என்பார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பன்று இது. போசுனியாவில் மக்கள் மடிந்துகொண்டிருக்கையில் உலகம் கைகட்டி நின்றிருக்க வேண்டுமா? நின்றிருக்கக் கூடாது. ஆனால் தடை மலிவாகத் தோன்றுவதற்குக் காரணமே, அதன் விலையில் ஒரு பங்கை விதிக்காதவன் செலுத்திவிடுவதுதான். முழு விலையும் தெரிந்தால் தயங்குவார்கள் என்றால், தயங்கட்டும். அந்தத் தயக்கத்தால் எதைத் தடுப்பது, எவ்வளவு காலம் தடுப்பது என்பதையேனும் ஆராய்ந்து செய்வார்கள்.

இவை பழைய கதை என்று எண்ணவேண்டா. 2025 ஆகஸ்டு 6ஆம் நாள், அதே உருமாற்றத் திருவிழாவன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். உக்ரைன்மீது போர் தொடுத்த உருசியாவிடமிருந்து இந்தியா எண்ணெய் வாங்குகிறது என்று காரணம் காட்டி, இந்தியப் பொருள்கள்மீது மேலும் 25 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. ஆகஸ்டு 27 முதல் முன்னைய 25ஓடு சேர்ந்து 50 ஆயிற்று. வங்காளதேசத்திற்கும் வியட்நாமிற்கும் அப்போது 20 விழுக்காடுதான். 2024-25இல் ஏறத்தாழ 45,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூருக்கு, அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை வாங்கிய நாடு அமெரிக்கா. மாஸ்கோவுக்கு ஓங்கிய பிரம்பு திருப்பூரில் விழுந்தது. இம்முறை 50ஆவது பிரிவைக் காட்டித் தட்டுவதற்குக் கதவுகூட இல்லை. ஏனெனில் உருசிய எண்ணெய்க்குத் தடை விதித்தது ஐ.நா. அன்று.

அமெரிக்காவைக் குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. 2022க்கு முன் நம் எண்ணெய் இறக்குமதியில் 2 விழுக்காடுகூட இல்லாதிருந்த உருசியாவின் பங்கு, 2024இல் மூன்றிலொன்றைத் தாண்டியது. தள்ளுபடி விலையில் கிடைத்த எண்ணெயால் ஆதாயம் அடைந்தவை சுத்திகரிப்பு நிறுவனங்கள். நாட்டிற்கும் பொதுவில் நன்மை இருந்தது. அந்த நன்மைக்கான தண்டத்தைச் செலுத்தியவர்களுள் பவர் டேபிளில் அமர்ந்து தைப்பவர்களும், செக்கிங் மேசையில் நிற்கும் பெண்களும் இருந்தார்கள். நாடு முழுவதற்குமான ஒரு முடிவின் செலவு ஓர் ஊரின்மீது, அந்த ஊரிலும் வாரக்கூலிக்காரர்மீது இறங்கும்போது, நாடுகளிடம் நாம் கேட்கும் அதே நீதியை நம் நாட்டிற்குள்ளும் கேட்டாக வேண்டும். நடுவண் அரசு பருத்தி இறக்குமதியின் 11 விழுக்காட்டு வரியை 2025 ஆகஸ்டு 19 முதல் அவ்வாண்டு இறுதிவரை நீக்கியது. நவம்பரில் ஏற்றுமதியாளருக்காக 20,000 கோடி ரூபாய் வரையிலான கடன் உத்தரவாதத் திட்டத்தை ஏற்றது. முதலாளிகளுக்கு அது தேவையே. ஆனால் 1991இல் இந்தியாவுக்குக் கிடைத்ததைப் போல இதுவும் கடன்தான். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகக் குறைந்தால் சனிக்கிழமைச் சம்பளத்தில் ஏற்படும் பள்ளத்தை அது நிரப்பாது.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகம் 2018இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், வேலையிழந்த காப்பீட்டாளருக்கு அதிகபட்சம் 90 நாள்களுக்குச் சராசரிக் கூலியில் பாதியைத் தர 2020இல் வகை செய்யப்பட்டது. வேலை முற்றிலும் போனவருக்கே அது. ஷிப்ட் குறைந்தவருக்கு இல்லை. ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைகளில் ஈ.எஸ்.ஐ. எண்ணே இல்லாமல் தைப்பவர்களுக்கும் இல்லை. நம் பங்குகளில் கம்பெனி நடத்துவோரும் இருக்கிறார்கள், கணக்கு எழுதுவோரும் இருக்கிறார்கள். தங்களிடம் தைப்பவர்களுள் எத்தனை பேருக்கு அந்த எண் இருக்கிறது என்பதை அவர்கள் இந்த வாரமே எண்ணிப் பார்க்கலாம். இல்லாதவர்களைப் பதிவு செய்யலாம்.