சந்தேகமும் நாவடக்கமும்

ஏழைக்கென ஒதுக்கப்பட்ட பொருளை ஏழையல்லாதவர் பொய் சொல்லிப் பெறுவது களவு. இதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை. ஆயினும் அக்களவைக் கண்டுபிடிக்கப் புறப்படுபவர், வறியவர் ஒருவரின் நோயையும் குடும்ப நிலையையும் ஊரறியச் செய்துவிட்டால் அதை என்னவென்பது? முன்னது பொருளைப் பறிக்கிறது. பின்னது மானத்தைப் பறிக்கிறது. பறிபோன பொருளை வட்டியுடன் மீட்கலாம். பறிபோன மானத்தை மீட்டுத் தர எந்த அலுவலகத்தாலும் இயலாது.

கேரளத்தில், தமிழக எல்லைக்கு அருகே அமைந்த ஆரியங்கோடு போன்ற கிராமங்களில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத் திறனாளிகள், 50 வயது கடந்த மணமாகாத பெண்கள் ஆகியோருக்குக் கேரள அரசு தரும் சமூகநல ஓய்வூதியத்தை அங்கே கிராமப் பஞ்சாயத்து விசாரித்து வழங்குகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது விதி. மாதம் 1,600 ரூபாயாக இருந்த தொகை 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. சிலருக்கு அது வங்கிக் கணக்கில் சேர்கிறது. பலருக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். ஆகவே யாருக்கு ஓய்வூதியம் வருகிறது என்பது ஊருக்குத் தெரியும். 'மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறான். தாய்க்கு அரசாங்கப் பணமா?' என்ற பேச்சு எழ அதிக நேரம் ஆகாது. அந்த மகன் தாய்க்குப் பணம் அனுப்புகிறானா என்பது மட்டும் பேசுகிறவருக்குத் தெரிவதில்லை.

சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2024 நவம்பரில் கேரள நிதித்துறை தகவல் ஒன்றை வெளியிட்டது. அரசுப் பணியில் ஊதியம் பெற்றுக்கொண்டே சமூகநல ஓய்வூதியமும் வாங்கி வந்தவர்கள் 1,458 பேர் என்று 'இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன்' நடத்திய ஒப்பீட்டில் தெரியவந்தது. சுகாதாரத் துறையில் மட்டும் 373 பேர். பொதுக் கல்வித் துறையில் 224 பேர். பெற்ற தொகையை 18 விழுக்காடு வட்டியுடன் மீட்கவும், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அரசு முனைந்தது. இந்த உண்மை வெளிப்பட்டது தெருப்பேச்சினால் அன்று. அரசிடம் ஏற்கெனவே இருந்த இரு பதிவேடுகளை, அதற்குரிய பொறுப்பில் இருந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததால் வெளிப்பட்டது.

அரசு தொடக்கத்தில் பெயர்களை வெளியிடவில்லை. பட்டியல் வேண்டும் என்ற குரல் எழுந்தது. அக்குரலில் நியாயம் உண்டு. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது மக்களின் உரிமை. ஆனால் அந்த 1,458 பேரில் கல்லூரி உதவிப் பேராசிரியர்களும் இருந்தனர். பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர்களும் இருந்தனர். முன்னவர் செய்தது அறிந்து செய்த பேராசை. பின்னவரிடையே, வறுமைக் காலத்தில் ஓய்வூதியம் பெற்றுப் பின்னர் சிறு வேலை கிடைத்தும் அதை நிறுத்தச் சொல்லாதவர் இருக்கக்கூடும். அதுவும் தவறே, எனினும் இரண்டும் ஒரே அளவுடைய தவறுகள் அல்ல. பெயர்ப்பட்டியலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. விசாரணைக்கே தெரியும்.

எதை வெளியே சொல்ல வேண்டும்?

வெளிப்படைத்தன்மையே கூடாது என்பதன்று இதன் பொருள். 1994 முதல் ராஜஸ்தானின் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு பொது விசாரணைகளை நடத்தியது. அரசுப் பணிகளின் கூலிப்பட்டியல்கள் ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. இறந்தவர் பெயரிலும், வேலைக்கே வராதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி வகுத்த முயற்சிகளுள் அது முதன்மையானது. அங்கே மக்கள் திறக்கச் சொன்னது பணத்தைச் செலவிட்டவரின் கணக்கை. கூலியாளின் வீட்டுக் கதவை அன்று. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் வெளிப்படைத்தன்மை என்னும் நற்பெயரே கொடுமைக்குத் துணையாகிவிடும்.

அவ்வாறு நேர்ந்ததும் உண்டு. 2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் அரசின் இணையதளம் ஒன்றில், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியதாரர்களின் ஆதார் எண்களும் வங்கி விவரங்களும் எவரும் காணும் வண்ணம் கிடந்தன. தம் பெயரும் எண்ணும் உலகின்முன் விரிந்து கிடப்பது அந்த முதியோரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! அதே ஆண்டு ஆகஸ்டு 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வசதி படைத்தவருக்கு அந்த உரிமையைக் காக்க மதில் இருக்கிறது. உதவி கேட்டு விண்ணப்பிப்பவரோ வருமானத்தையும் நோயையும் எழுதிக் கொடுத்த பிறகே உதவி பெறுகிறார். கேரளத்தில் 60 வயது நிரம்பாத கைம்பெண் ஒருவர், தாம் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்றிதழை ஆண்டுதோறும் தர வேண்டியிருக்கிறது. இவ்வளவு சொந்தச் செய்தியை நம்பி ஒப்படைத்தவரிடம், அதைப் பெற்றுக்கொண்ட அலுவலகம் கடன்பட்டிருக்கிறது. அடைக்கலமாக வைத்த பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும்.

சந்தேகமே தீர்ப்பாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து ஓர் எச்சரிக்கை. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தனர் என்று அந்நாட்டு வரித்துறை ஆயிரக்கணக்கான பெற்றோர் மீது தவறாகக் குற்றஞ்சாட்டித் தொகையைத் திருப்பிக் கேட்டது. இரட்டைக் குடியுரிமை உடையவர்கள் சிறப்பாகச் சந்தேகிக்கப்பட்டனர். பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. உண்மை வெளிப்பட்டபின், 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. அமைச்சரவை விலகியதால் சிதைந்த குடும்பங்கள் உடனே சீராகிவிடவில்லை.

இரண்டு இடங்கள்

திருக்குறளின் அமைப்பு இங்கே ஒரு தெளிவைத் தருகிறது. புறங்கூறாமை என்னும் அதிகாரத்தை வள்ளுவர் இல்லறத்தானுக்குரிய அறங்களிடையே வைத்தார். ஒற்றாடலைப் பொருட்பாலில், அரசின் கடமைகளிடையே வைத்தார். அங்கும் ஓர் ஒற்றன் சொன்னதை அப்படியே ஏற்க அவர் இசையவில்லை. மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஆராய்வது அரசின் பணி. அதுவும் கட்டுப்பாட்டுடன் செய்ய வேண்டிய பணி. அண்டை வீட்டாருக்கு உரியது நாவடக்கம்.

அப்படியானால் கண்ணெதிரே களவு நடந்தாலும் வாய்மூடி இருப்பதா? இல்லை. அந்த மௌனம் அறமாகாது; உண்மையிலேயே வறியவரின் பங்கு அதனால் குறைகிறது. பஞ்சாயத்துச் செயலருக்கு, தாம் நேரில் அறிந்ததை மட்டும் எழுதிக் கொடுப்பது குடிமகனின் கடமை. ஊகத்தை உண்மையாக எழுதக் கூடாது. அதையே தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் சொல்லத் தொடங்கும்போது அது புறங்கூறலாகிவிடுகிறது. சொன்ன செய்தி ஒன்றே. சொன்ன இடம் அதன் தன்மையை மாற்றிவிட்டது.

அதிகாரிக்கும் தர்மம் உண்டு. தேவையான அளவே அவர் கேட்க வேண்டும். உதவியை நிறுத்துமுன் உரியவரின் விளக்கத்தைப் பெற வேண்டும். குற்றம் உறுதியானால் தயங்காமல் மீட்க வேண்டும். இல்லையெனில் வந்த புகாரும் விசாரணையும் அந்த அலுவலகத்தோடு முடிந்துவிட வேண்டும். அரசுப் பொறுப்பில் இருந்துகொண்டு ஏழையின் பங்கை எடுத்தவர், குற்றம் உறுதியானபின் பெயர் மறைக்கக் கோருவதில் நியாயம் இல்லை. அதிகாரம் உயர உயர மறைவுக்கான உரிமை சுருங்குகிறது. கையில் எதுவுமற்றவரிடம் எஞ்சியிருப்பதோ அந்த ஓர் உரிமைதான்.

ஆரியங்கோட்டிலிருந்து வெகு தொலைவில் இல்லாத அருவிப்புறத்தில், 1888-ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண குரு நெய்யாற்றின் கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். அனைவரும் உடன்பிறப்புகளாக வாழும் இடம் என்பதே அத்தலத்துக்கு அவர் வகுத்த இலட்சியம். உடன்பிறந்தவர் மீது ஐயம் எழுவதும் உலக இயல்பே. அப்போது அவரை அழைத்துக் கேட்கலாம். தேவையானால் பெரியவர் முன் நிறுத்தலாம். அவருடைய பெட்டியைத் தெருவில் கவிழ்த்துக் காட்ட எந்தச் சகோதரனுக்கும் மனம் வருவதில்லை.